ஐசியூ டயட்டீஷியன் சர்வீஸ், அஞ்சுக்கு நாலு ஸ்டார்

சிங்கப்பூர்ல ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி ஐசியூவோட டயட்டீஷியன் டீம் பத்தின ரிவியூ இது. டாக்டர், பில், பார்க்கிங் பத்தியெல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, ஐசியூ சாப்பாடு பத்தி யாரும் எழுதி நான் பாக்கல.

மாமனாருக்கு நிமோனியா முத்திப்போய் வென்டிலேட்டர்ல போட்டாங்க. மூக்கு வழியா டியூப், அது வயித்துலதான் இருக்குன்னு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு 48 மணி நேரத்துக்குள்ள பால் (டின்ல வர்ற சத்துப் பால்) ஆரம்பிச்சாச்சு. பம்ப்ல மணிக்கு 20 மில்லி, நாலு டீஸ்பூன் அவ்வளவுதான். அத்தை அதப் பாத்துட்டு இப்படிப் பட்டினி போடுறாங்களேன்னு ஒரே அழுகை.

டயட்டீஷியன் பொண்ணு பெட் பக்கத்துலயே நின்னு பொறுமையா சொன்னாங்க. இவ்ளோ சீரியஸா இருக்கறப்ப உடம்பு தன்னோட சேமிப்பையே கரைச்சு எரிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கு மேல நாமளும் முழுசா ஊத்தினா சர்க்கரை எகிறிடும், அதனால முதல்ல கலோரி தேவையில 70 சதவீதத்தைத் தாண்டாம குடுத்து மூணு நாளைக்கு அப்புறம்தான் கூட்டுவாங்களாம். புரோட்டீன் மெதுவா ஏத்தி உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.3 கிராம், 60 கிலோ ஆளுக்கு 78 கிராம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 10 மில்லிமோலைத் (இந்தியாவுல சொல்ற கணக்குல 180) தாண்டினா இன்சுலின். வீட்லயே சரியா சாப்பிடாம கிடந்தவருக்கு திடீர்னு சாப்பாடு குடுத்தா பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் சரசரன்னு இறங்கி இதயத்தையே பாதிக்கும்னு தினமும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க.

என்னை அசர வச்சது வேற. தூங்க வைக்க ஏத்துற ப்ரோப்போஃபால் பால் மாதிரி வெள்ளையா இருக்கும் பாருங்க, அது கொழுப்புல கலந்த மருந்து, மில்லிக்கு 1.1 கலோரி, அதைக்கூட விடாம அன்னைக்குக் கணக்குல கழிச்சாங்க! மாமா சுத்த சைவம்னு சொன்னதும் டின்னைக் கொண்டு வந்து காட்டி பால் புரதமும் சோயாவும்தான் இருக்குன்னு அத்தைக்குப் படிச்சுக் காமிச்சாங்க, அதுக்கப்புறம்தான் அத்தை முகத்துல கொஞ்சம் தெளிவே வந்துச்சு.

ஒரு ஸ்டார் குறைச்சது வார்டுக்கு மாத்தினதுக்கு அப்புறம் நடந்ததுக்கு. ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு மட்டுமில்ல, விழுங்குறதையும் சோதிக்கிறவங்க) விழுங்கிப் பாக்க வச்சு ஓகே சொன்ன உடனே டியூபை எடுத்துட்டாங்க. மனுஷன் ரெண்டு ஸ்பூன் கஞ்சிக்கே களைச்சுப் போறார், தட்டு அப்படியே திரும்பிப் போகுது, எவ்வளவு இறங்குச்சுன்னு யாரும் எழுதல. ஐசியூல அவ்வளவு நுணுக்கமா போட்ட கணக்கு வார்டு டயட்டீஷியன் கைக்கு வரவே இல்ல. ஐசியூல கரைஞ்ச சதை திரும்ப ஏறணும்னா இந்த நேரத்துலதான் நல்லா சாப்பிடணும், அங்கயே கோட்டை விட்டா எப்படி?

அதனால உங்க ஆளை வார்டுக்கு மாத்துற அன்னைக்கே, டியூப் எடுக்கறதுக்கு முன்னாடி, வாயால மட்டும் போதுமான அளவு சாப்பிடுறாரான்னு டயட்டீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்க. நாங்க விடாம கேட்டதுக்கப்புறம் மறுபடி டியூப் போட்டு, ராத்திரி பம்ப்ல பால், பகல்ல வாயால கஞ்சின்னு மாத்தினாங்க, அப்புறம்தான் மாமாவுக்கு எழுந்து நாற்காலியில உக்கார தெம்பு வந்துச்சு.