பழைய மதர்போர்டுக்கு சிஎச்341ஏ பயாஸ் புரோகிராமர்: வாங்கலாமா?

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் புது போர்டு, ரேம், சிபியூ என்று மொத்தமாக மாற்றுவதற்கு முன், மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) இருக்கும் சிப்பைப் படித்து எழுதும் இந்தக் குட்டி யுஎஸ்பி கருவியைப் பார்த்துவிடுங்கள். இசட்77, எச்77 போன்ற 2012 காலத்து போர்டுகளை என்விஎம்இ என்ற வேகமான புதுவகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆக வைக்க இது உதவும்.

கறுப்பு மாடலில் பெரிய குறை ஒன்று: சிப்புக்கு 3.3 வோல்ட் போனாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வருகிறது. பல சிப்புகள் தாங்கிக்கொள்ளும். அதை நம்பி இருக்க வேண்டாம். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் உள்ள மாடலே மேல். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

சிப்பைக் கவ்விப் பிடிக்க, கூடவே வரும் கிளிப் சுமார்தான். பவர் கேபிளையும் சிமோஸ் பேட்டரியையும் (போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி) கழற்றிவிட்டு, சிவப்பு ஒயர் சிப்பின் முதல் காலில் வரும்படி மாட்டுங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் கால்கள் மங்கியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகிய சிப் என்றால் கழற்றிப் படிப்பதே உத்தமம்.

சிப்பில் உள்ளதை இரண்டு முறை படித்து நகலெடுத்து ஒப்பிடுங்கள். ஒரு பைட் வித்தியாசம் இருந்தாலும் எழுதாதீர்கள். அந்த நகலிலேயே மாற்றம் செய்யுங்கள், பல போர்டுகளில் மேக் முகவரி (நெட்வொர்க் அடையாள எண்) அதில்தான் இருக்கும். எம்எம்டூல் என்ற பயாஸ் திருத்தும் மென்பொருளில், டிரைவர்கள் இருக்கும் டிஎக்ஸ்இ பகுதியின் கடைசியில் என்விஎம்இ டிரைவரைச் சேர்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் அந்த டிரைவரின் சிறிய பதிப்பு இருக்கிறது. அப்படிச் சேர்க்கும்போது பேட் ஃபைல் (பயாஸில் இடைவெளியை நிரப்பும் கோப்பு) காணாமல் போனால் போர்டு எழும்பாது. அப்போது மூல நகலை இதே கருவியால் திரும்ப எழுதலாம். காசு கொடுப்பதே இதற்குத்தான்.