கைவேலை என்று 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மெஷின் பிரிண்ட் அனுப்பிய டிசைனர் லேபிள்: கண்காட்சிக்குப் போகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று ராத்திரி அந்த லேபிள் என்னை பிளாக் செய்துவிட்டது. அதனால் இனியும் காத்திருக்காமல் எழுதிவிடுகிறேன். 18,500 ரூபாய். மரக்கட்டையால் கையில் அச்சிட்ட அஜ்ரக் துணி, இயற்கைச் சாயம், உங்கள் உடம்பு அளவுக்கே தைத்துத் தருகிறோம் என்று சொல்லி வாங்கிய பணம். வந்து சேர்ந்தது மெஷினில் அடித்த ரெடிமேட் ஜாக்கெட்டும் ஒரு குர்தாவும். புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீலாக இருக்கும் என் அத்தை மகன் சொல்லிவிட்டான். சரி, பெயர் இல்லை. ஆனால் எப்படிப் பேசினார்கள், எப்படிக் கைகழுவினார்கள் என்று முழுவதும் சொல்கிறேன். போலித் துணியைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். சென்னையில் வார இறுதியில் ஓட்டல் ஹால்களில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போகிற வழக்கம் உள்ளவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

உடை விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மாலில் தொங்குகிற எதுவும் எனக்கு ஒழுங்காக உட்காராது. கழுத்து பின்னால் இழுக்கும், கை மணிக்கட்டைத் தாண்டும். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த பிறகுதான், சின்ன அளவில் தாங்களே துணி எடுத்து, தாங்களே வெட்டித் தைத்து விற்கிறவர்கள் இங்கே இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. சின்னாளப்பட்டி சுங்குடியில் சட்டை தைக்கிறவர் ஒருவர். கண்டாங்கிக் கட்டத்தைச் சாய்வாக வெட்டி மேல்கோட்டு செய்கிற ஒரு பெண். மங்கலகிரிப் பருத்தியில் பை வைத்த குர்தா மட்டுமே செய்கிற இன்னொருவர்; அவருக்கு மயிலாப்பூரில் ஒரு மாடி அறையும் இரண்டு தையல் மெஷினும்தான் கடை. இவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி வாங்கித்தான் எனக்கு எது பொருந்தும் என்று எனக்கே பிடிபட்டது. அடர் நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு, காலர் இல்லாத கழுத்து, இரண்டு பக்கமும் கை முழுக்க நுழைகிற பை. கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்தாலே நான்தான் என்று தெரிந்துவிடும் என்பாள் என் தோழி. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

இவர்களில் ஒருவர்கூட என்னை ஒரு ரூபாய்க்கு ஏமாற்றியதில்லை. துணி தாமதமானால் அவர்களே போன் செய்து சொல்வார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு சின்ன டிசைனர்கள் எல்லாருமே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

சித்தி மகள் கல்யாண வரவேற்புக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற அஜ்ரக் ஜாக்கெட், உள்ளே ஒரே நிறத்தில் குர்தா என்று மனதில் முடிவாகியிருந்தது. புகைப்படச் செயலியில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிற இந்த லேபிள் ஒரு கண்காட்சியில் ஸ்டால் போடுவதாகப் பார்த்துத்தான் போனேன். மேஜை மேல் மரக்கட்டை அச்சுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த சாம்பிள் நிஜமான அஜ்ரக். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

அஜ்ரக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குஜராத்தில் கச்சுப் பகுதியில், அஜ்ரக்பூர் போன்ற ஊர்களில் காத்ரி சமூகத்தினர் செய்து வரும் வேலை அது. துணியை அலசி, கடுக்காய் நீரில் முக்கிக் காயவைப்பார்கள். சாயம் ஏறக் கூடாத இடங்களில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த கலவையை மரக்கட்டையால் ஒற்றுவார்கள். அப்புறம் நீலம் தருகிற அவுரிச் சாயத் தொட்டியில் முக்குவார்கள், திரும்ப அலசுவார்கள், சிவப்பு ஏறச் சாயநீரில் கொதிக்கவிடுவார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்கில் ஆகும். துணியே சாயத்தில் முங்கி எழுவதால் பின்பக்கமும் நிறம் ஏறியிருக்கும். கட்டையைக் கையால் எடுத்து எடுத்து வைப்பதால் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே கோடு மயிரிழை விலகும். சாம்பிளில் அது அத்தனையும் இருந்தது.

ஸ்டாலில் இருந்த லேபிள்காரப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். "அக்கா, கொஞ்சம் திரும்பி நில்லுங்க" என்றார். டேப்பை எடுப்பதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கையையும் என் தோள்மேல் வைத்து ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். "உங்க வலது தோள் இடதைவிட லேசா இறங்கியிருக்குக்கா. அதனாலதான் ரெடிமேட் போட்டா கழுத்து பின்னாடி இழுக்குது. இதுவரைக்கும் யாரும் சொல்லலையா?"

யாரும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் துணிதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் பென்சிலால் என் பெயரை எழுதி, கீழே 'வலது தோள் அரை இஞ்ச் குறை' என்று குறித்துக்கொண்டதை நானே பார்த்தேன். உடம்பைத் தொட்டுப் பார்த்து இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறவர் மேல் நம்பிக்கை வராமல் வேறு யார்மேல் வரும்? அங்கேதான் பணத்தைக் கேட்டார்.

"முழுசா கட்டிட்டீங்கன்னா இன்னைக்கே கச்சுக்குச் சொல்லி துணி போடச் சொல்லிடுவேன். பாதி கட்டினா வரிசையில பின்னாடி போயிடும்கா, உங்க ஃபங்ஷனுக்கு வராது." 18,500 ரூபாய். ஸ்கேன் செய்ததும் திரையில் லேபிள் பெயருக்குப் பதிலாக ஓர் ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். "என் ஹஸ்பண்ட் அக்கவுன்ட்தான்க்கா" என்றார். பில் கேட்டேன். வாட்ஸாப்பில் அனுப்புவதாகச் சொன்னார். ராத்திரி வந்தது ஒரு கலர் அட்டைப் படம்: 'நன்றி' என்ற வார்த்தை, ஓர் இதயம், 18,500 என்ற தொகை. முகவரி, ஜிஎஸ்டி எண், என்ன துணி, எத்தனை மீட்டர், எதுவும் இல்லை.

நடுவில் நடந்த தாமதங்களை எழுதவில்லை. மழை, சாயம் காயவில்லை, டெய்லர் ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்சல் வந்தது. அழகான பெட்டி, காய்ந்த பூ, 'உங்களுக்காகவே கையால் செய்தது' என்று ஒரு சீட்டு. ஜாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே வழவழவென்று இருந்தது. பருத்தி இப்படி வழுக்காது. உள்பக்கம் திருப்பினேன். வெளுப்பு. அங்கங்கே நீலம் புள்ளியாகக் கசிந்ததைத் தவிர முழுக்க வெளுப்பு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் அச்சைப் பார்த்தேன். ஒரு பூவின் இதழில் சாயம் லேசாக வழிந்த தடம் இருந்தது. கையால் ஒற்றினால் வருகிற தடம். அதே தடம், அதே இதழில், அதே சாய்வில், ஒரு முழம் தள்ளித் திரும்ப வந்தது. அதற்கு அடுத்த முழத்திலும் வந்தது. யாரோ ஒரு கைவினைஞர் செய்த துணியைப் படம் பிடித்து, அவர் கை தவறிய இடத்தைக்கூட விடாமல் மெஷினில் அடித்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது இங்கேதான்.

கழுத்தில் லேபிள் பெயர் தைத்த பட்டிக்கு அடியில் வேறு நிற நூல்முனை நீட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் பிரித்தேன். கத்தரித்து எடுத்த பழைய பட்டியின் ஓரம் தையலுக்குள்ளேயே மாட்டியிருந்தது. அதில் அளவைக் குறிக்கும் 'எம்' எழுத்தில் பாதி. தோள் இரண்டையும் மடித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். இம்மி வித்தியாசம் இல்லை. பென்சிலால் எழுதிய அந்த அரை இஞ்ச் எங்கே போனது? கல்யாணத்துக்கு இருந்த சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்து தேடினால், மொத்த விலைக்கு விற்கிற ஒரு தளத்தில் அதே ஜாக்கெட், அதே வழிந்த இதழோடு, ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. நான் கொடுத்தது 18,500.

இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கொடுமை. பார்சல் வந்த அன்றைக்கே "பிடிச்சிருக்காக்கா? போட்டு ஒரு போட்டோ அனுப்புங்க, ஸ்டோரியில போடறேன்" என்று செய்தி வந்திருந்தது. உள்பக்கத்தையும் கழுத்துப் பட்டியையும் படமெடுத்து அனுப்பினேன். படித்துவிட்டதற்கான நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ரொம்ப நாள் கழித்து வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "கைவேலைன்னா ஒவ்வொரு பீஸும் வேற வேற மாதிரிதான் இருக்கும்க்கா. அதுதான் அதோட அழகே."

இந்த வாக்கியத்தை உண்மையாகச் சொல்ல உரிமை உள்ளவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் துணி காயவைத்து, விரல் நீலமாகி நிற்கிறவர்கள். சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியாக முடிச்சுப் போடுகிறவர்கள். அவர்கள் வாயில் இருந்து எடுத்து, மெஷின் துணியை நம் தலையில் கட்டுவதற்கு இதைச் சொல்கிறார்கள். அடுத்த முறை ஒரு நேர்மையான டிசைனர் இதையே சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும். அந்தக் கோபம் எனக்குப் பணம் போன கோபத்தைவிடப் பெரிது.

அப்புறம் கஸ்டமர் கேர் என்று ஒரு புது நம்பர். "மேடம், கஸ்டமைஸ்டு ஆர்டருக்கு ரிட்டர்ன் கிடையாது. எங்க பாலிசியில இருக்கு." என் அளவுக்குத் தைத்திருந்தால்தானே அது கஸ்டமைஸ்டு என்று கேட்டேன். "டீம்கிட்ட சொல்றேன் மேடம்." அடுத்து அந்தப் பெண்ணிடமிருந்தே குரல் செய்தி, தொண்டை அடைக்க: "சின்ன பிசினஸ்க்கா, பெண்களே பெண்களுக்கு சப்போர்ட் பண்ணலைன்னா எப்படி?" நான் பெண் இல்லையா? 18,500 ரூபாய் எனக்கு என்ன மரத்தில் காய்க்கிறதா? அதன் பிறகு 5,000 ரூபாய்க்குக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் அவர்களிடமே இன்னொன்று வாங்கினால்.

கண்காட்சி நடத்தியவர்களுக்குப் போன் செய்தேன். "நாங்க இடம் மட்டும்தான் வாடகைக்குத் தர்றோம் மேடம், விற்கிறதுக்கு நாங்க பொறுப்பில்லை." நுழைவாயிலில் 'நாங்கள் தேர்ந்தெடுத்த வடிவமைப்பாளர்கள்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தது யார்? வங்கியில் கேட்டால், நீங்களே ரகசிய எண் போட்டு அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். செயலியில் புகார் அழுத்தினால், அந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை என்று தானாக ஒரு பதில். நேற்று அவர்களுடைய புதுப் படத்தின் கீழே துணியின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லி நாகரிகமாகத்தான் கேட்டேன். பத்து நிமிஷத்தில் நான் எழுதியது காணாமல் போனது. ராத்திரி பிளாக்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். இன்னொரு விஷயம் இப்போதுதான் தெரிந்துகொண்டேன், எல்லாருக்கும் தெரிய வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அதில்தான் வருகிறது. அவர்கள் தீர்க்காவிட்டால் நாம் வசிக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 'எங்கள் பாலிசி' என்று அவர்களே எழுதிக்கொண்டது சட்டத்துக்கு மேலே போகாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சாம்பிளைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், அதே துணியில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணி வந்ததும் தைப்பதற்கு முன்னால் உள்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். நான் வாங்குகிற மற்ற டிசைனர்கள் கேட்காமலே அனுப்புவார்கள். அச்சில் ஒரு பிசகைக் கண்டால் அடுத்த முழத்திலும் அதே பிசகு இருக்கிறதா என்று பாருங்கள். லேபிள் பெயரில் இல்லாத கணக்குக்குப் பணம் போடாதீர்கள். முகவரியோடு பில் தராதவர்களுக்கு முன்பணம்கூட வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

இதே மாதிரி தோளில் கைவைத்துப் பார்த்து அளவெடுத்த ஸ்டாலில் யாராவது பணம் கட்டியிருந்தால், உடனே உங்கள் துணியைத் திருப்பிப் பாருங்கள், கழுத்துப் பட்டியின் அடியில் பாருங்கள், பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம். எனக்குக் கூப்பன் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 18,500 ரூபாயும் பணமாக என் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும்.