கால்டெரா: உள்ளே வந்துவிட்ட எதிரியை வைத்து ஒத்திகை

நிறுவனத்தின் வலையமைப்புக்குள் ஒருவன் நுழைந்துவிட்டான் என்றே வைத்துக்கொண்டு, அவன் அடுத்துச் செய்யக்கூடியவற்றை நம் கண்காணிப்பு காணுமா என்று சோதிக்க விரும்புவோர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது, எதிரியின் செயல்களைத் தானே நடத்திக் காட்டும் கால்டெரா; அமெரிக்காவின் மைட்டர் அமைப்பு இதைத் திறந்த மூல மென்பொருளாக வழங்குகிறது. தாக்குதல் உத்திகளை எண்ணிட்டு வகைப்படுத்தி அதே அமைப்பு 2015இல் பொதுவெளியில் வைத்த அட்டாக் அட்டவணையை ஒட்டி இது அமைந்திருப்பதால், எந்த உத்தி கவனத்திற்கு வந்தது, எது தப்பியது என்பதை எண்ணோடு குறித்துக்கொள்ளலாம்.

பைத்தானில் எழுதப்பட்ட சர்வரை ஒரு லினக்ஸ் கணினியில் நிறுவி, சோதிக்க வேண்டிய கணினிகளில் சாண்ட்கேட் என்னும் சிறிய ஏஜென்டை, அதாவது சர்வர் தரும் கட்டளைகளை நிறைவேற்றும் நிரலை, ஓடவிட வேண்டும். இயல்பான அமைப்பில் அது 30 முதல் 60 விநாடிகளுக்குள், இடைவெளியை மாற்றி மாற்றி, சர்வரை அழைத்துக் கட்டளை கேட்கிறது. விண்டோஸில் அது பொதுப் பயனர் கோப்புறையில் 'ஸ்பிளங்க்டி' என்ற பெயரில் அமர்கிறது. கணினிகளின் நிகழ்வுப் பதிவுகளைத் திரட்டப் பல நிறுவனங்கள் பயன்படுத்தும் ஸ்பிளங்க் மென்பொருளின் சேவை நிரலுக்கும் இதே பெயர்தான். பெயரைப் பார்த்துக் கடந்துபோகும் ஆய்வாளர் யார், எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று தேடும் ஆய்வாளர் யார் என்பது இந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இதன் உண்மையான வலிமை, ஒரு கட்டளை கண்டறிந்த தகவலை அடுத்த கட்டளைக்குத் தானே எடுத்துச் செல்வதில் இருக்கிறது. குறிப்பிட்ட வகைக் கோப்புகளைத் தேடி, கிடைத்தவற்றை ஒரு தற்காலிகக் கோப்புறையில் சேர்த்து, சுருக்கி, சர்வருக்கு அனுப்பும் வரிசை முழுவதையும் அது இடையில் யாரும் தொடாமல் நடத்தும்; ஒவ்வொரு கட்டளைக்கும் நம் ஒப்புதலைக் கேட்கும்படியும் அமைக்கலாம். இப்படி ஓட்டிப் பார்க்கும்போது முதலில் அம்பலமாவது பெரும்பாலும் பதிவுகளின் குறைதான். விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் நிரல் தொடங்கியதை விண்டோஸின் 4688ஆம் எண் நிகழ்வு காட்டும். கட்டளை வரியையும் சேர்த்துப் பதியும் அமைப்பைத் தனியாக இயக்கியிராவிட்டால், என்ன கட்டளையோடு ஓடியது என்பது அதில் இராது. விலையுயர்ந்த கருவிகளை வாங்கிய இடங்களிலும் இந்த ஓட்டை அடைபடாமல் இருப்பது வருத்தத்திற்குரியது.

குறைகளும் உண்டு. சாண்ட்கேட் பரவலாக அறியப்பட்ட நிரல் என்பதால் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதை எளிதில் பிடித்துவிடுகின்றன. அதற்கு விலக்கு அளித்துவிட்டுச் சோதனையைத் தொடர்வது முறையானதே. ஆனால் அந்த விலக்கு அறிக்கையில் இடம்பெற வேண்டும், இல்லையேல் படிப்பவர் முடிவுகளைத் தவறாகப் புரிந்துகொள்வார். செய்த மாற்றங்களை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை எல்லாச் செயல்களுக்கும் இணைக்கப்பட்டிருப்பதில்லை.

இவற்றைவிடக் கவலைக்குரியது சர்வரின் பாதுகாப்பு. ஏஜென்டைத் தொகுத்துக் கொடுக்கும் பகுதியில் இருந்த, 2025 பிப்ரவரியில் வெளியான சிவிஇ-2025-27364 என்னும் (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் பொது அடையாள எண்) பிழை, கடவுச்சொல் இல்லாமலேயே சர்வரில் கட்டளை இயக்க வழிவிட்டது. அதன் தீவிரம் 10க்கு 10 என மதிப்பிடப்பட்டது. 5.1.0 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டிருப்பதால், அதற்கு முந்தைய பதிப்பை யாரும் வைத்திருக்கக் கூடாது. சோதனைக்கென நிறுவிய சர்வரே எதிரியின் கைக்குப் போனால், ஏஜென்ட் ஓடும் கணினிகள் எல்லாம் அவன் வசமாகிவிடும். இணையத்திலிருந்து எட்ட முடியாத பகுதியில், இயல்பாக வரும் கடவுச்சொற்களை மாற்றிய பிறகே இதை இயக்க வேண்டும்.

போலி மின்னஞ்சலால் ஊழியரை ஏமாற்றுவதையோ, தடை வந்தால் புதிய வழி யோசிப்பதையோ கால்டெராவிடம் எதிர்பார்க்க முடியாது. அதற்கு அனுபவமுள்ள ரெட் டீம், அதாவது எதிரியைப் போலத் தாக்கிச் சோதிக்கும் குழு, வேண்டும். தாக்குதலைக் கண்டு எச்சரிக்கும் ஒரு கண்டறிதல் விதியை மட்டும் சோதிக்க விரும்புவோருக்கு, சர்வரே தேவைப்படாத அட்டாமிக் ரெட் டீம் என்னும் சிறு சோதனைகளின் தொகுப்பு போதும். இரண்டு மூன்று பேர் மட்டுமே உள்ள பாதுகாப்புக் குழுக்களுக்குக் கால்டெராவைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெற்று, முதலில் சோதனைக் கணினிகளில், தகவல் திரட்டும் செயல்களை மட்டும் ஒப்புதல் முறையில் ஓட்டித் தொடங்குவது நல்லது.