ஐபிஐபி-நியோ 120: இந்த இலவச ஆளுமைத் தேர்வை எவ்வளவு நம்பலாம்?

கட்டணம் கிடையாது, பதிப்புரிமைத் தொல்லை கிடையாது, மதிப்பெண் போடும் முறையும் ஒளிவுமறைவின்றிக் கிடைக்கிறது. இணையத்தில் உள்ள ஆளுமைத் தேர்வுகளில் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடியது ஐபிஐபி-நியோ 120தான். உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பர்க் பொதுவெளிக்குத் திறந்துவிட்ட வாசகத் தொகுப்பிலிருந்து எடுத்து, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜான்சன் 300 வாசகத் தேர்வின் இந்தக் குறுவடிவத்தை உருவாக்கி, 2014-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்.

மொத்தம் 120 வாசகங்கள். ஒவ்வொன்றும் உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். பதற்றம், புறமுகத் தன்மை, புதுமை நாட்டம், இணக்கம், பொறுப்புணர்வு ஆகிய ஐந்து பெருங்கூறுகள். ஒவ்வொன்றின் கீழும் ஆறு உட்கூறுகள். உட்கூறுக்கு நான்கு வாசகங்கள். 1, 31, 61, 91 ஆகிய நான்கும் கவலை என்ற ஒரே உட்கூறை அளக்கின்றன. முப்பதுக்கு ஒருமுறை அதே விஷயம் திரும்பி வருவதால், "இதைத்தான் முன்னாடியே கேட்டார்களே" என்று தோன்றும். முன்பு என்ன குறித்தோம் என்று யோசிக்காமல் அந்தந்த வாசகத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

பலர் சறுக்கும் இடம் தலைகீழ் வாசகங்கள். ஒழுங்கு என்ற உட்கூறை எடுத்துக்கொள்வோம். அடுக்கி வைக்கப் பிடிக்கும் என்பது நேர் வாசகம். பொருளை எடுத்த இடத்தில் வைக்க மறப்பேன், அறையை அலங்கோலமாக விட்டுவிடுவேன், உடைமைகளை ஆங்காங்கே போட்டுவிடுவேன் என்ற மற்ற மூன்றும் எதிர் வாசகங்கள். இவற்றில் 5 என்று குறித்தால் கணக்கில் 1 ஆகும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 4, 4 என்று தட்டிக்கொண்டே போனால் கிடைக்கும் 10 மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை.

அடுத்த சிக்கல் அறிக்கையில் வரும் நூற்றுமானம் (percentile). பொறுப்புணர்வில் 70 என்று வந்தால் அது நூற்றுக்கு எழுபது மதிப்பெண் அல்ல. உங்கள் பாலினத்திலும் வயதுப் பிரிவிலும் உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் உங்களுக்குக் கீழே இருக்கிறார்கள் என்று பொருள். கீழ் 30 சதவீதம் குறைவு, நடு 40 சராசரி, மேல் 30 அதிகம். உதாரணமாக, 20 வயது முடிந்து 21 ஆனதும் வயதுப் பிரிவு மாறும். அதனால் ஒரே பதில்களைக் கொடுத்தாலும் பிறந்தநாள் தாண்டியதும் நூற்றுமானம் மாறலாம். மாற்றத்தைப் பின்தொடர நினைப்பவர்கள் மூல மதிப்பெண்ணையும் (உட்கூறுக்கு 4 முதல் 20 வரை) கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும்.

வயதைக் கணக்கில் சேர்ப்பதற்கு வலுவான காரணம் உண்டு. உளவியலாளர் ராபர்ட்ஸும் சகாக்களும் 2006-ல் பல நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் பொறுப்புணர்வும் மனநிதானமும் (பதற்றத்தின் எதிர்ப்பக்கம்) சராசரியாகக் கூடுவது தெரிந்தது. ஏன் கூடுகிறது? உயிரியல் முதிர்ச்சி என்பது உளவியலாளர்கள் மெக்ரே, காஸ்டா தரப்பு. வேலை, குடும்பம் என்று ஏற்கும் பொறுப்புகள் ஆளை மாற்றுகின்றன என்பது ராபர்ட்ஸ் தரப்பு. வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சனின் கோட்பாடும், பிறரைப் பார்த்துக் கற்றல் பற்றிய உளவியலாளர் பண்டூராவின் விளக்கமும் இதே வளர்ச்சியை வேறு கோணங்களில் அணுகுகின்றன. இந்தத் தேர்வு அதற்குள் போகாது. நீங்கள் இன்று எங்கே நிற்கிறீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். குழந்தைப் பருவம்தான் காரணம் என்றெல்லாம் இந்த அறிக்கையை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

நம் வாசகர்களுக்குப் பொருந்தாத பகுதி ஒன்று உண்டு: புதுமை நாட்டத்தின் கீழ் வரும் தாராளவாதம். நான்கு வாசகங்களில் இரண்டு, லிபரல் வேட்பாளருக்கு வாக்களிப்பீர்களா, கன்சர்வேடிவ் வேட்பாளருக்கா என்று அமெரிக்க அரசியலை வைத்துக் கேட்கின்றன. இங்குள்ள கட்சிகளை அந்த இரண்டு பெட்டிக்குள் அடைக்க முடியாது. அந்த ஒரு உட்கூறின் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆட்களை எழுத்துகளால் குறிக்கும் வகைகளாகப் பிரிக்கும் எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ்) தேர்வோடு ஒப்பிட்டால் இதன் பலம் தெளிவாகத் தெரியும். அதில் நடுக்கோட்டுக்குச் சற்று இந்தப் பக்கம் இருந்தால் ஓர் எழுத்து, சற்று அந்தப் பக்கம் என்றால் வேறு எழுத்து. பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறார்கள் என்பதால், மறுமுறை எழுதும்போது வகையே மாறிவிடுவது சகஜம். இங்கே வகை என்பதே இல்லை, அளவு மட்டும்தான்.

வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது. எந்தப் பதில் நல்ல பெயர் வாங்கித் தரும் என்பது யாருக்கும் எளிதில் தெரிந்துவிடும். பெருங்கூறுகள் ஐந்தும் போதும் என்பவர்களுக்கு 120 தாராளம். உட்கூறுகளை நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், உட்கூறுக்குப் பத்து வாசகங்கள் கொண்ட 300 வடிவத்தை எழுதுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், எண்கள் அந்த அளவுக்கு உறுதியாக இருக்கும்.