சிங்கப்பூர் சுங்கை காடுட்ல பழைய டிராக்டர் பார்ட்ஸ் கடை, நாலு ஸ்டார்

மொதல்லயே சொல்லிடுறேன், பார்ட்ஸ் பேர சொன்னதும் எடுத்து நீட்டுவாங்கன்னு நெனச்சு இந்தக் கடைக்குப் போயிடாதீங்க. உங்க டிராக்டர் என்ன மாடல்னு அவங்களுக்கு உறுதியாத் தெரியாத வரைக்கும் ஒரு வாஷர் கூட கவுண்டர தாண்டி வெளிய வராது. கேள்வி மேல கேள்வி கேப்பாங்க, எரிச்சலா இருக்கும். ஆனா நான் நாலு ஸ்டார் போடுறதே அதுக்குத்தான்.

மலேசியால ஜொகூர் குளுவாங் பக்கம் எங்க மாமாவுக்கு கொஞ்சம் செம்பனை இருக்கு. அங்க ஒரு பழைய மேஸி ஃபெர்குசன் டிராக்டர் கெடக்குது, ஏதோ ஒரு தோட்டத்துல ஏலம் விட்டப்ப வாங்குனது, இப்ப கிளட்ச் போயிடுச்சு. பேட்ஜ் எல்லாம் எப்பவோ காணாம போச்சு, முன்னாடி வச்சிருந்த யாரோ ஒரு புண்ணியவான் இன்ஜின், கியர்பாக்ஸ், ரிம்முன்னு ஒண்ணு விடாம சிவப்பு பெயிண்ட் அடிச்சு விட்டிருக்கான். மாமா கிட்ட கேட்டா "அது 135 மாடல்டா, எனக்குத் தெரியாதா"ன்னு ஒரே போடு. ஆன்லைன்ல ஒரு விக்கிற ஆளு 135 கிளட்ச் பிளேட்டுக்கு விலையும் சொல்லி பணத்த அனுப்புங்கன்னு ரெடியா நின்னான், ஒரு போட்டோ கூட கேக்கல. அது கொஞ்சம் உறுத்துச்சு, அதான் நேர்ல போய் கேப்போம்னு கிராஞ்சி எம்ஆர்டில எறங்கி இங்க வந்தேன்.

கவுண்டர்ல நம்ம ஆளு ஒரு பெரியவர் இருக்காரு, பேச்சு கம்மி, சிரிப்பு அதவிட கம்மி. போன்ல இருந்த போட்டோவ ரெண்டு விரலால பெருசாக்கிப் பார்த்துட்டு "தம்பி, இது 135 இல்ல, மூக்கப் பாருங்க உருண்டையா இருக்கு"ன்னாரு. 135ங்கறது 1964 கடைசியில வந்த வண்டியாம், அதுக்கு பானெட் முன்பக்கம் சதுரமா இருக்கும். உருண்டை மூக்குன்னா அதுக்கு முந்தின 35. சரி 35 கிளட்ச் பிளேட் கொடுங்க ஐயான்னேன், அங்கதான் கச்சேரியே ஆரம்பிச்சுது.

35லயே ரெண்டு ஜாதியாம். 1957ல மேஸி ஃபெர்குசன் பேர்ல வந்தப்ப டீசல் வண்டில ஸ்டாண்டர்ட் கம்பெனியோட நாலு சிலிண்டர் 23சி இன்ஜின், குளிர்ல காலையில ஸ்டார்ட் பண்ண உயிர எடுக்குமாம், இங்கிலாந்துல அதுக்கு ரொம்ப கெட்ட பேரு. 1959 கடைசியில இருந்து பெர்கின்ஸ் மூணு சிலிண்டர், இன்னிக்கு வரைக்கும் ஓடுறது பெரும்பாலும் அதுதான். எதுன்னு கண்டுபிடிக்க பெரிய வித்தை ஒண்ணும் வேணாம், இன்ஜினுக்குள்ள டீசல் பீச்சுற இஞ்செக்டருக்குப் போற பைப்ப எண்ணுங்க, சிலிண்டருக்கு ஒண்ணுன்னாரு. மாமாவுக்கு போன் போட்டேன், மூணுன்னாரு. உடனே பெரியவர் "மாமாவ ஒண்ணு கேளுங்க, கிளட்ச் நல்லா இருந்த காலத்துல பாதி மிதிச்சா வண்டி நின்னு பின்னாடி புல்லு வெட்டுற மெஷின் மட்டும் சுத்துமா, இல்ல ரெண்டும் சேர்ந்தே நிக்குமா?" பாதியில வண்டி நின்னு பிடிஓ (பின்னாடி மாட்டுற மெஷின சுத்த வைக்கிற தண்டு) சுத்துனா டபுள் கிளட்ச், ரெண்டும் ஒண்ணா நின்னா சிங்கிள். ஒண்ணுக்கு வாங்குன செட் இன்னொண்ணுக்கு ஆகாது. ஆன்லைன் ஆளு இதுல எதையாவது கேட்டானா சொல்லுங்க.

மாமா சுத்தும்னாரு, அதையும் இவரு நம்பல லா! டேஷ்போர்டுல சீரியல் நம்பர் அடிச்ச பிளேட் இருக்கும், அத காட்டுங்க அப்புறம் பேசலாம்னு அனுப்பிட்டாரு. ஆனா எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்தாரு, அது உண்மையிலேயே உருப்படியான விஷயம். கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ வச்சு தேய்க்கக் கூடாது, எழுத்தே போயிடும். பெயிண்ட் ரிமூவர் கொஞ்சமா தடவி பழைய டூத்பிரஷ்ஷால மெதுவா தேய்ச்சு, டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சு போட்டோ எடுக்கணும், அப்பதான் பள்ளத்துல நிழல் விழுந்து நம்பர் தெரியும். மாமா பையன் அதே மாதிரி எடுத்து அனுப்புனான், பிளேட்டுல எஸ்என்எம் (SNM)னு ஆரம்பிச்சு நம்பர். நடுவுல N இருந்தா மூணு சிலிண்டர் டீசல், கடைசில M இருந்தா டபுள் கிளட்ச், F இருந்தா சிங்கிளாம். அப்புறம் இன்ஜின் பிளாக்குல அடிச்சிருக்குற நம்பரையும் தனியா கேட்டு வாங்குனாரு, ஏன்னா தோட்டத்து வண்டில இன்ஜின் மாத்தியிருப்பாங்க, பிளேட் ஒண்ணு சொல்லும் உள்ள வேற ஒண்ணு உக்காந்திருக்கும். ஓரமெல்லாம் கிழிஞ்ச ஒரு நோட்டப் புரட்டி சீரியல் நம்பர வச்சு 1961 வண்டின்னு சொன்னாரு. மாமாகிட்ட சொன்னப்ப அவரு முகம் போன போக்க வீடியோ கால்ல பாத்தேன், இன்னும் 135ன்னுதான் சொல்லிட்டிருக்காரு.

நான் நின்னுட்டு இருந்தப்ப இன்னொருத்தர் ஃபோர்டு 3000 டிராக்டர் பத்தி கேட்டாரு. அதுல கதையே வேற, ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல தட்டையான எடத்துல கோட் அடிச்சிருக்கும், மொத நம்பர் வருஷத்தோட கடைசி இலக்கம், அடுத்த எழுத்து மாசம், A இருந்தா ஜனவரி, B இருந்தா பிப்ரவரி, அப்புறம் தேதி. 7B12ன்னா 1967 பிப்ரவரி 12. ஆனா அந்த வண்டி 1965ல இருந்து 1975 வரைக்கும் வந்ததால மொத நம்பர் 5ன்னு இருந்தா 65ஆ 75ஆன்னு மத்த பாகங்கள பாத்துதான் முடிவு பண்ணனும்.

பார்ட்ஸ் தரம் நல்லாவே இருக்கு, இந்தியாவுல செஞ்சது, இங்கிலாந்துல இருந்து வந்ததுன்னு ரெண்டையும் எடுத்து வச்சு வித்தியாசத்த சொன்னாரு, விலை அதிகமானத தலையில கட்டப் பாக்கல. கிளட்ச் செட் பொருந்திடுச்சு, மாமா மெக்கானிக் ஒரு எடத்துலயும் தட்டவோ ராவவோ வேண்டியிருக்கல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, வாட்ஸ்அப் அனுப்புனா ப்ளூ டிக் வரும் பதில் வராது. கேஷ் மட்டும்தான், இந்தக் காலத்துல போன்லயே பணம் அனுப்புற பேநவ் கூட இல்லைன்னா எப்படிங்க. கடைக்குள்ள உக்கார எடமில்ல, ஃபேன் ஒண்ணு அவர் பக்கம் மட்டும்தான் திரும்பும். வெளிய லாரி நிக்கிறதால பார்க்கிங்க மறந்துடுங்க.

போறவங்க மூக்கு, டேஷ்போர்டு, இன்ஜின் ரெண்டு பக்கம், பிளேட், பிளாக் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டே போங்க, இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாரு. சனிக்கிழமை மதியம் 1 மணிக்கு ஷட்டர எறக்கிடுறாங்க.