சாயப்பட்டறைக் கைகளுக்கு எந்தப் பூஞ்சை மருந்து?

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் நாளெல்லாம் தண்ணீரில் கை வைப்பவர்களுக்கு நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே தோல் ஊறி வெளுத்து, நடுவில் செக்கச்செவேலென்று புண் இருக்கும். பெரும்பாலும் அது கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை. "இதுக்கு எந்த மருந்துங்க நல்லது?" என்று கேட்டால், அந்த மருந்து ஈஸ்ட்டை எங்கே தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் ஈஸ்ட்டுக்கு எர்கோஸ்டிரால். நூல், நிட்டிங், சாயம், தையல் என்று பனியன் உருவாவதுபோல அதுவும் படிப்படியாகத்தான் உருவாகிறது. டெர்பினாபின் ஆரம்பக் கட்டத்திலேயே மறித்துவிடும், ஸ்குவாலீன் என்ற மூலப்பொருள் தேங்கிப்போகும். படர்தாமரைக்குப் பேர்போன மருந்து, கேண்டிடாவிடம் அவ்வளவு எடுபடாது.

குளோட்ரிமசோல், ஃபுளூகோனசோல் போன்ற அசோல்கள் பிந்தைய கட்டத்தில், லனோஸ்டிரால் என்ற இடைப்பொருளில் கை வைக்கின்றன. அரைகுறை ஸ்டிரால்கள் சவ்வில் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. கேண்டிடா அல்பிகன்ஸை மனித சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: முளைகட்டிய பச்சைப்பயறு மாதிரி ஒவ்வொரு உருண்டையிலிருந்தும் ஒரு குழாய் நீண்டிருக்கும். திசுவைத் துளைத்து நுழைவது இந்த இழைதான். அசோல் இருந்தால், வளர்ச்சியை முழுதாக நிறுத்தாத குறைந்த அளவிலும், இழை நீள்வது தடைபடும். செல்கள் பிரியாமல் கொத்தாக ஒட்டிக்கிடக்கும். ஆனால் அசோல் கேண்டிடாவைக் கொல்வதைவிட வளரவிடாமல் பிடித்து வைப்பதே அதிகம். அரிப்பு நின்றதும் மருந்தை நிறுத்தினால் புண் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம்போடெரிசின் பி என்ற மருந்து எர்கோஸ்டிரால் தயாரிப்பைத் தொடுவதில்லை. தைத்து முடித்த பனியனையே கிழிக்கிறது. எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு ஈஸ்ட்டைக் கொல்லும். சிறுநீரகத்தையும் பாதிக்கும் என்பதால், ரத்தத்தில் பூஞ்சை பரவுவது போன்ற உயிராபத்துக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுவது. அதே குடும்பத்து நிஸ்டாட்டின் குடலில் உறிஞ்சப்படாது; குழந்தை வாயில் படியும் வெள்ளைக்கு நல்லது.

விரலிடுக்குப் புண்ணுக்கு என் தேர்வு அசோல் களிம்புதான், டாக்டர் சொன்ன நாள் முழுக்க. ஸ்டிராய்டு கலந்த களிம்பைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சிவப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே கொழுக்கும். வேலை முடிந்ததும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். ரப்பர் உறைக்குள் தண்ணீர் போயிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.