“அண்ணே” என்று கூப்பிட்டான், 38,600 ரூபாய் போச்சு: மலையேற்றச் சாமான் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

காத்மாண்டுவிலிருந்து திரும்பி நாலு நாள்தான் ஆகிறது. குதிகாலில் போட்ட கட்டை இன்னும் பிரிக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது. போனது 38,600 ரூபாய். எப்படிப் போனது என்று சொல்லிவிட்டு, நீங்கள் எப்படித் தப்பலாம் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

காரைக்குடியில் எலெக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. ஒயரைச் சீவிப் பார்த்தாலே முழுத் தாமிரமா, அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனிடம் ஒருத்தன் பஞ்சை வாத்துத் தூவி என்று சொல்லி விற்றுவிட்டான். பணத்தைவிட இதுதான் எரிகிறது.

நாங்கள் நாலு பேர், பள்ளிக்கூடத்துச் சேக்காளிகள். ஐம்பது வயது ஆவதற்குள் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போய் வந்துவிடுவது என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் முடிவானது. 5,364 மீட்டர் உயரம். நம் பக்கம் ஏறிப் பழக மலை ஏது? குன்றக்குடிப் படிக்கட்டும் பிரான்மலையும்தான். ஆறு மாதம் விடாமல் ஏறினோம். உடம்பு தயாராகிவிட்டது. சாமானுக்கு என்ன செய்வது? காரைக்குடியில் குளிர்ச் சட்டை கேட்டால் கைக்குழந்தைக் குல்லாயை எடுத்துப் போடுவார்கள். சேக்காளிகள் மூன்று பேரும் நேபாளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். நான்தான் முன்ஜாக்கிரதைப் பேர்வழி ஆயிற்றே, இங்கேயே வாங்கிவிடுவது என்று கிளம்பினேன்.

படம் போடுகிற ஆப் ஒன்றில் ஒரு பக்கம். மலையேற்றச் சாமான் மட்டுமே விற்பதாகச் சொல்லிக்கொண்டு, நாளுக்கு நாலு பனிமலைப் படம் போடுகிற வகை. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோசனம் இல்லை, ஏன் என்று பின்னால் தெரியும். விலை கேட்டு ஒரு மெசேஜ் போட்டேன். பத்து நிமிஷத்தில் போனே வந்துவிட்டது.

“அண்ணே, எந்த ஊரு?”

“காரைக்குடி.”

“அட, எங்க அம்மா பொறந்த ஊரு தேவகோட்டைண்ணே.”

இங்கே பாதி விழுந்தேன். மீதி விழுந்தது எதில் என்று சொல்கிறேன், அதுதான் முக்கியம்.

அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. சும்மா இல்லை, நன்றாகவே தெரிந்திருந்தது. “ஜீன்ஸ், காட்டன் பனியன் எதையும் எடுத்துட்டுப் போயிராதீங்கண்ணே, வேர்வைய உறிஞ்சி வச்சுக்கும், நின்ன உடனே நடுக்கம் எடுக்கும்” என்றான். சரிதான். உடம்போடு ஒட்டின ஒன்று, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றுக்கும் மழைக்கும் ஒன்று, உட்கார்ந்திருக்கும்போது போட வாத்துத் தூவி அடைத்த டவுன் ஜாக்கெட் என்று அடுக்கு அடுக்காகச் சொன்னான். அதுவும் சரி. நடை தொடங்குகிற லுக்லாவுக்குப் போகிற விமானத்தில் கைப்பையோடு சேர்த்து 15 கிலோதான், பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் ராத்திரி போனை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள் என்றான். எல்லாமே சரி. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஒரு வார்த்தை பிசகில்லை.

நான் எழுதி வைத்திருந்த பட்டியலில் ஷூவுக்கு அடியில் மாட்டுகிற இரும்பு முள்ளும் இருந்தது, 1,800 ரூபாய். “அது எதுக்குண்ணே? ஏப்ரல்ல பேஸ் கேம்ப் பாதைக்குப் பெரும்பாலும் தேவப்படாது. பனி விழுந்தா அங்கேயே கிடைக்கும். காச வீணாக்காதீங்க” என்றான்.

அந்த இடத்தில்தான் முழுசாக விழுந்தேன். வருகிற 1,800 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரனை எங்கே பார்ப்பது? நானே அப்படிச் சொல்லித்தான் வாடிக்கை பிடித்திருக்கிறேன். “இந்த மோட்டாருக்கு இவ்வளவு பெரிய ஸ்டார்ட்டர் வேண்டாங்க” என்று ஒரு தரம் சொன்னால், அந்த ஆள் பத்து வருஷம் வேறு கடைக்குப் போகமாட்டார். என் வித்தையை என்னிடமே காட்டினான், எனக்குத் தெரியவில்லை.

டவுன் ஜாக்கெட் 11,500. மைனஸ் 15 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் 9,800. ஷூ 12,900. கையுறை, கம்பளிச் சாக்ஸ், ஊன்றுகோல், தலையில் மாட்டுகிற டார்ச் எல்லாம் சேர்த்து 4,400. ஆக 38,600. முன்பணம் 10,000, பாக்கி 28,600, எல்லாம் ஒரு தனி ஆள் பெயரில் இருந்த யுபிஐ எண்ணுக்கு. கடைப் பெயரில் இல்லையே என்று கேட்டேன். “ஜிஎஸ்டி கணக்கு மாத்திட்டு இருக்கோம்ண்ணே, ஆடிட்டர் சொல்லிருக்காரு” என்றான். ஆடிட்டர் என்றதும் எனக்கே பாவமாக இருந்தது. அந்தத் தொல்லை யாருக்கு இல்லை?

மார்ச் முதல் வாரத்தில் பணம் போட்டேன். “இன்னைக்குப் போயிரும்ண்ணே”, “நாளைக்குப் போயிரும்ண்ணே” என்று மாதத்தை ஓட்டினான். பார்சல் வந்தது ஏப்ரல் 2. நாங்கள் கிளம்புவது 9. பில்லில் அனுப்பின தேதி மார்ச் 24 என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

வீட்டு முற்றத்து வளவில் வைத்துப் பிரித்தோம். பங்குனி வெயில், மின்விசிறி அனல் காற்றை வீசுகிறது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூணோரமாக நின்று படம் எடுத்தேன். ரெண்டு நிமிஷத்தில் வேர்வை ஊற்றுகிறது. “கழட்டுப்பா, மயக்கம் போட்டு விழுந்துருவே” என்று ஆத்தா சத்தம் போட்டார்கள். நல்ல கதகதப்பு என்று நானே சான்றிதழ் கொடுத்தேன். அந்த வெயிலில் சாக்குப்பையைப் போர்த்தியிருந்தாலும் கதகதப்பாகத்தான் இருந்திருக்கும்! இதை அவன் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறான். செட்டிநாட்டில் இருக்கிறவனுக்குக் குளிர்ச் சாமானை விற்றால், அது சரியில்லை என்று தெரிவதற்கு அவன் இமயமலைக்குப் போக வேண்டும்.

ஒரே ஒரு அறிகுறி கிடைத்தது, அதையும் விட்டேன். 15 கிலோவுக்குள் அடங்க வேண்டுமே என்று ஒவ்வொன்றாகப் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்தோம். 1.3 கிலோ என்று சொன்ன ஸ்லீப்பிங் பேக் 2.640 காட்டியது. போன் போட்டேன். “அது உறையோட சேத்துண்ணே” என்றான். உறையைத் தனியாக நிறுத்தினால் நூறு கிராம்கூட இல்லை. ஒயர் காயிலில் அரைக் கிலோ குறைந்தால் திருப்பி அனுப்புகிற நான், இதில் சரி என்று விட்டுவிட்டேன். அந்த எடைக்காக ஆத்தா கட்டிக் கொடுத்த மனகோலப் பலகாரத்தைப் பாதியாகக் குறைத்தேன்.

காத்மாண்டுவில் போய் இறங்கின மறுநாள் சாயங்காலம், கைடு ஓட்டல் அறைக்கு வந்து நாலு பேர் சாமானையும் கட்டிலில் பரப்பச் சொன்னார். என் ஜாக்கெட்டை எடுத்து அதன் கைப்பகுதியைப் பிடித்துக் கசக்கினார். அப்புறம் சின்னக் கத்தரியை எடுத்து உள்பக்கத் தையலில் ரெண்டு கண்ணியை வெட்டி, இரண்டு விரலால் உள்ளே இருந்ததை இழுத்தார். வெள்ளையாக, நூல் நூலாக நீண்டுகொண்டே வந்தது. லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினார். சுருண்டு கறுப்பு மணியாக உருண்டது, பிளாஸ்டிக் நாற்றம். சிறகாக இருந்தால் முடி கருகின நாற்றம் வரும் என்றார். அவர் ஜாக்கெட்டின் தையல் வழியாக ஒரு குட்டித் தூவி தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்ததே தெரியவில்லை, அவ்வளவு லேசு.

ஸ்லீப்பிங் பேக் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் பொய்யே இல்லை. உள்மடிப்பில் ஒரு துணி லேபிள். கம்ஃபர்ட் 4 டிகிரி, லிமிட் மைனஸ் 1, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15. கம்ஃபர்ட்தான் நிம்மதியாகத் தூங்குகிற கணக்காம். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குகிற கணக்கே இல்லையாம். அந்தக் குளிரில் சுமார் ஆறு மணி நேரம் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கலாம் என்ற கணக்காம். அந்தக் கடைசி எண்ணை மட்டும் எடுத்துப் பெரிதாக ஸ்டிக்கர் அடித்து உறைமேல் ஒட்டிவிட்டான்.

ஏப்ரல் நெருக்கடியில் லுக்லா விமானம் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. நாலைந்து மணி நேரம் தள்ளி மந்தலி என்கிற இடத்துக்கு நடுராத்திரியில் வேன் ஏறிப் போக வேண்டும். கையில் இருந்தது அந்தச் சாயங்காலம் மட்டும்தான். தமேல் கடைத்தெருவுக்கு ஓடினோம். நல்ல டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கே கிடைக்கின்றன. ரெண்டும் சேர்த்து நாளைக்கு 300 நேபாள ரூபாய். பதினாலு நாளைக்கு 4,200. நம் பணத்தில் 2,625 ரூபாய். அந்த ரெண்டுக்கும் நான் கொடுத்தது 21,300!

அன்றைக்கே அவனுக்கு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது: “ஆல் த பெஸ்ட்ண்ணே, எஞ்சாய்.”

ஷூ மட்டும் தப்பியது என்று நினைத்தேன். நடையின் ரெண்டாம் நாள், ஹிலாரி பாலம் தாண்டி நாம்சே பஜாருக்கு ஒரே ஏற்றம். பாதி ஏற்றத்தில் இடது ஷூவின் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்து, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் தவளை வாய் மாதிரி திறந்து மூடியது. கைடு கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டார். நாம்சேயில், 3,440 மீட்டர் உயரத்தில், 14,000 நேபாள ரூபாய்க்குப் புது ஷூ வாங்கினேன். புது ஷூவோடு மலை ஏறக்கூடாது, குறைந்தது சில வாரம் போட்டுப் பழக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதே அவன்தான். டெங்போச்சே போவதற்குள் ரெண்டு குதிகாலிலும் கொப்புளம். டிங்போச்சேயில் சாக்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது. 4,410 மீட்டர். கைடு பார்த்துவிட்டு, “சார், நீங்கள் இங்கேயே இருங்கள்” என்றார்.

சேக்காளிகள் மூன்று பேரும் பேஸ் கேம்ப் போய் வந்தார்கள். நான் மூன்று ராத்திரி டிங்போச்சேயில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அமா டப்லம் சிகரத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச மனகோலத்தைத் தின்றேன். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ஊருக்கு வந்ததும் பிளந்த ஷூவின் படத்தை அனுப்பினேன். “கல்லுல தேச்சு நடந்திருப்பீங்க சார்” என்று பதில். எவரெஸ்ட் பாதையில் கல் இல்லாமல், ஆத்தங்குடிக் கல்லா பதித்து வைத்திருப்பார்கள்? அன்றைக்குத்தான் கவனித்தேன், “அண்ணே” போய் “சார்” வந்துவிட்டது. போன் போட்டால் அக்கவுண்ட்ஸ் என்று ஒரு பெண் எடுத்தார். அனுப்பின தேதியிலிருந்து ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டுமாம். பில் தேதிப்படி, பார்சல் என் கைக்கு வருவதற்கு முன்பே ஏழு நாள் முடிந்துவிட்டது. ஜாக்கெட்டின் தையல் வெட்டப்பட்டிருப்பதால் அது “யூஸ்டு”. மேனேஜர் வெளியூர். மறுநாளும் வெளியூர். மூன்றாம் நாள் அவனே எடுத்தான். “யாருங்க நீங்க?” என்றான். தேவகோட்டைக்காரன்! அதற்கப்புறம் மெசேஜுக்கு ஒற்றை டிக்தான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்று வக்கீல் சொன்னார். சிவகங்கைக்கு நடக்கத்தான் போகிறேன், கால் ஆறட்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். கை ஓடவில்லை, தோன்றுவதைச் சொல்கிறேன். டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் இங்கே வாங்காதீர்கள், காத்மாண்டுவில் வாடகைக்கு எடுங்கள். லேபிளில் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். ஷூவை மட்டும் கடைக்கு நேரில் போய், கனமான சாக்ஸோடு போட்டுப் பார்த்து, ரெண்டு மாதம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள். தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீர்கள். பொருளே வராமல் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். அவ்வளவுதான்.

பெயர் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்றேனே. நேற்று ராத்திரி சேக்காளி ஒருத்தன் ஒரு படம் அனுப்பினான். புதுப் பெயரில் புதுப் பக்கம். அதே ஜாக்கெட், அதே மைனஸ் 15 ஸ்டிக்கர். இந்தத் தடவை மேலே திருநீற்றுப் பட்டையும் ஒரு சூலமும் வைத்து, “கயிலாய யாத்திரை ஸ்பெஷல் கிட், பெரியவர்களுக்குச் சலுகை விலை” என்று போட்டிருக்கிறான். கயிலாயப் பரிக்கிரமாவில் டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேலே. நான் பார்க்காத பேஸ் கேம்ப்பைவிட உயரம். கீழே ஒரு பெரியவர், “நான் புதுக்கோட்டை. எனக்கும் வீட்டம்மாவுக்கும் என்ன விலை தம்பி?” என்று கேட்டிருந்தார்.

“ஐயா, வாங்காதீர்கள்” என்று அதற்குக் கீழே எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் நான் எழுதினதும் காணோம், அந்தப் பக்கமும் எனக்குத் திறக்கவில்லை. அந்தப் புதுக்கோட்டைப் பெரியவரை யாருக்காவது தெரிந்தால் இதைக் காட்டுங்கள்.